பண்புசார் தரவுப் பகுப்பாய்வுத் திட்டங்களின் காப்பு நகலும் கணினி மாற்றமும்: தமிழ்ப் பனுவல்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

களஆய்வில் திரட்டப்படும் நேர்காணல்களையும் வழக்காறுகளையும் மென்பொருள் துணையுடன் பகுத்தாராயும்போது, ஆய்வாளரின் பொருள்கோடல் முழுவதும் ஒரு திட்டக் கோப்பில் தங்குகிறது. அக்கோப்பைக் காப்பு நகல் எடுப்பதும் வேறொரு கணினிக்கு மாற்றுவதும் வெறும் படியெடுக்கும் வேலையாகவே கருதப்படுகின்றன. கோப்பு பழுதின்றிச் சென்று சேர்ந்தாலும் அதனுள் இருக்கும் இணைப்புகள் பிறழக்கூடும் என்பதையும், தமிழ் எழுத்துகள் கணினியில் பதிவாகும் முறை அப்பிறழ்வுக்கு எவ்வாறு இடமளிக்கிறது என்பதையும், அதனைக் கண்டறியும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பண்புசார் ஆய்வு, கருத்துக்குறி, காப்பு நகல், ஒருங்குறி, இட எண், ரெஃபி-கியூடிஏ

முன்னுரை

கணினி பரவுவதற்கு முன், நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் தகவலாளியின் கூற்றைச் சிறு அட்டைகளில் எழுதி, மேல்மூலையில் ‘சடங்கு’, ‘உறவுமுறை’, ‘நில உரிமை’ எனத் தலைப்பிட்டு அடுக்கிவைப்பது வழக்கம். அட்டை இடம் மாறினாலும் கூற்று அதனுடனேயே சென்றது. தலைப்பும் கூற்றும் ஒரே தாளில் இருந்தமையால் அவற்றுள் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்க இயலாது.

மென்பொருள் இந்த உறவை மாற்றியமைத்துள்ளது. ஆய்வாளர் ஒரு பகுதியைத் தெரிவுசெய்து அதற்கு ஒரு கருத்துக்குறியை இடும்போது, பெரும்பாலான மென்பொருள்கள் அடிப்படையாகக் கொள்வது தெரிவுசெய்த சொற்களையன்று. ‘இந்த ஆவணத்தில் இந்த இடம் முதல் இந்த இடம் வரை’ என்னும் முகவரியையே. திரையில் கூற்றும் தலைப்பும் சேர்ந்து தோன்றினாலும், அவை ஒவ்வொரு முறையும் அம்முகவரியைக் கொண்டு புதிதாக இணைக்கப்படுகின்றன. முகவரி சுட்டும் ஆவணம் கிடைக்காவிட்டாலோ, ஆவணத்திற்குள் எழுத்துகள் இடம்பெயர்ந்தாலோ, கருத்துக்குறி பொருளிழந்து நிற்கும். முதல் வகைப் பிழையில் மென்பொருள் எச்சரிக்கும். இரண்டாம் வகையில் எச்சரிக்கை எழவேண்டுமென்பதில்லை. எனவே அதுவே கூடுதல் கவனத்திற்குரியது.

மென்பொருள்தோறும் வேறுபடும் சேமிப்பு முறை

இத்துறையின் முதன்மை மென்பொருள்கள் பல்கலைக்கழகச் சூழலில் தோன்றியவை. ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் டாம் ரிச்சர்ட்ஸ், லின் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் 1980களில் உருவாக்கிய நட்இஸ்ட் என்பதன் வழித்தோன்றலாக 1999இல் என்விவோ வெளிவந்தது. உடோ குக்கார்ட்ஸ் 1989இல் அளித்த மேக்ஸ் என்பதே இன்றைய மேக்ஸ்கியூடிஏ. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டமொன்றிலிருந்து கிளைத்த அட்லஸ்.டிஐ 1993இல் விற்பனைக்கு வந்தது. கட்டணமற்ற திறமூல மென்பொருள்களாகக் குவால்கோடர், டாகெட் ஆகியவற்றைக் குறிப்பிடலாம்.

‘திட்டம்’ என்னும் ஒரே சொல்லை இவையனைத்தும் ஆண்டாலும், அச்சொல் சுட்டும் பொருள் ஒன்றன்று. என்விவோவில் எழுத்து ஆவணங்கள் திட்டக் கோப்பிற்குள்ளேயே அடங்கும். ஒலி, காட்சிப் பதிவுகளை உள்ளடக்கவும் செய்யலாம், வெளியே இருத்தி இணைப்பு மட்டும் தரவும் செய்யலாம். மேக்ஸ்கியூடிஏவில் ஒலி, காட்சிப் பதிவுகளும் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய படங்களும் பிடிஎஃப் கோப்புகளும் தனியானதொரு வெளிக்கோப்புறையில் தங்கும். அட்லஸ்.டிஐயின் பழைய பதிப்புகளில் ஆவணங்கள் திட்டத்திற்கு வெளியே அவை இருந்த இடத்திலேயே இருந்தன. 8ஆம் பதிப்பு முதல் மென்பொருளின் உள்நூலகத்தில் அவை படியெடுத்து வைக்கப்படுகின்றன. அதனால் அதில் திட்டத்தை இடம்மாற்ற, வட்டில் ஒரு கோப்பைத் தேடிப் படியெடுப்பது முறையன்று. மென்பொருளின் ஏற்றுமதிக் கட்டளை வழியாகத் திட்டத் தொகுப்பை உருவாக்க வேண்டும். குவால்கோடரில் திட்டம் என்பதே ஒரு கோப்புறை. எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பு ஒன்றும், ஆவணம், படம், ஒலி, காட்சி ஆகியவற்றுக்கான உட்கோப்புறைகளும் அதில் உள்ளன.

ஆகவே, ‘திட்டக் கோப்பை விரலியில் எடுத்துச்சென்றேன்’ என்று ஓர் ஆய்வாளர் கூறும்போது, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று தெரியாமல் அவர் எதனை எடுத்துச்சென்றார் என்று சொல்ல இயலாது. நேர்காணலின் எழுத்துவடிவம் வந்துசேர்ந்து ஒலிப்பதிவு பழைய கணினியிலேயே தங்கிவிடுவது மிக இயல்பாக நேரக்கூடியது. எழுத்துவடிவம் இருக்கிறதே என்று அதனைச் சிறு இழப்பாகக் கருதுவதற்கில்லை. வில்லுப்பாட்டையோ ஒப்பாரியையோ ஆராய்பவருக்கு ஒலியே மூலம். எழுத்து அதன் நிழல்.

பதிப்பு மாற்றத்தையும் இவ்விடத்தில் சுட்டவேண்டும். புதிய பதிப்பில் ஒருமுறை திறந்து மாற்றப்பட்ட திட்டத்தைப் பழைய பதிப்பில் மீண்டும் திறக்க இயலாதவாறே வணிக மென்பொருள்கள் பொதுவாக அமைந்துள்ளன. துறையின் கணினிக்கூடத்தில் பழைய பதிப்பும் ஆய்வாளரின் மடிக்கணினியில் புதிய பதிப்பும் இருப்பின், மாற்றத்திற்கு முந்தைய நகலைத் தொடாமல் பேணுவது ஒன்றே வழி.

இயங்கும் திட்டத்தை நகலெடுத்தல்

திட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தரவுத்தளம். மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் ஒரு பகுதி வட்டிலும் மற்றொரு பகுதி நினைவகத்திலும் இருக்கலாம். எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளங்கள், எழுதி முடியாத மாற்றங்களை முதன்மைக் கோப்பின் அருகிலேயே ஒரு துணைக் கோப்பில் தற்காலிகமாகக் குறித்துவைப்பதுண்டு. அந்நிலையில் முதன்மைக் கோப்பை மட்டும் படியெடுத்தால், நகல் அரைகுறையாகவோ சிதைந்தோ அமையும்.

டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் முதலிய ஒத்திசைவுக் கோப்புறைகளுக்குள் திட்டத்தை வைத்துக்கொண்டே வேலைசெய்யும் பழக்கம் இதே தீங்கை உடையது. ஒத்திசைவு நிரல், தரவுத்தளம் எழுதப்படும் இடைப்பொழுதிலேயே கோப்பை மேலேற்ற முயலலாம். இரு கணினிகளில் ஒரே திட்டம் திறந்திருந்தால் ஒன்றையொன்று மேலெழுதலாம், அல்லது முரண்பட்ட இரு நகல்கள் உருவாகலாம். ஒத்திசைவு என்பது காப்பு நகலும் அன்று. ஒரு கணினியில் தவறுதலாக அழித்த கருத்துக்குறி, சில நொடிகளில் மற்றக் கணினியிலும் அழிந்துபோகும். திட்டத்தைக் கணினியின் சொந்த வட்டில் வைத்து வேலைசெய்து, மென்பொருளை மூடிய பின் நாளிட்ட நகல் ஒன்றை ஒத்திசைவுக் கோப்புறைக்கு அனுப்புவது தக்க முறை. டிஜிட்டல் புகைப்பட ஆவணங்களைப் பேணுவதற்காகப் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 நெறி — மூன்று நகல், இரு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் — ஆய்வுத் தரவுக்கும் பொருந்தும். ஆயினும் மூன்று நகலும் ஒரே நாளின் நகலாக இருந்தால், சென்ற வாரம் நேர்ந்த பிழையை அவை மூன்றுமே சுமந்திருக்கும். நாள்வரிசையில் பழைய நகல்கள் சிலவற்றையேனும் விட்டுவைத்தல் வேண்டும்.

தமிழ் எழுத்தும் இட எண்ணும்

தமிழ் இலக்கண மரபில் ‘கொ’ என்பது ஓர் எழுத்து. கணினியின் கணக்கு வேறு. ஒருங்குறியில் ககரம் ஒரு குறியிடத்தையும் ஒகரக் குறி மற்றொரு குறியிடத்தையும் பெறுகின்றன. எனவே ‘கொ’ இரண்டு இடம். அதே ‘கொ’வை ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறியிடங்களாகவும் எழுதலாம். இவ்விரு வடிவங்களையும் ஒருங்குறித் தரம் சம மதிப்புடையனவாக ஏற்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஓகாரத்திற்கும் ஔகாரத்திற்கும் இது பொருந்தும். முன்னதைச் சேர்ந்த வடிவம் என்றும் பின்னதைப் பிரிந்த வடிவம் என்றும் இக்கட்டுரை குறிக்கிறது.

கருத்துக்குறியின் முகவரி இட எண்ணால் ஆனது என்பதை நினைவிற்கொண்டால் இதன் விளைவு புலப்படும். தென்மாவட்டச் சிறுதெய்வ வழிபாடு பற்றிய நேர்காணலில், ‘கோயில் கொடை ஊர்ச்சொத்து’ என்று தகவலாளி கூறியதாகக் கொள்வோம். சேர்ந்த வடிவத்தில் இத்தொடர் இடைவெளி உட்பட 23 குறியிடங்கள் கொண்டது. ‘ஊர்ச்சொத்து’ என்னும் சொல்லுக்கு ஆய்வாளர் ‘பொதுவுடைமை’ என்று கருத்துக்குறி இடுகிறார். சுழியத்திலிருந்து எண்ணினால் 12ஆம் இடத்தில் தொடங்கி 22ஆம் இடத்தில் அச்சொல் முடிகிறது. இத்தொடர் பிரிந்த வடிவத்திற்கு மாற்றப்பட்டால், கோ, கொ, சொ ஆகிய மூன்று எழுத்துகளும் ஒவ்வோர் இடம் கூடுதலாகப் பெற, தொடரின் நீளம் 26 ஆகிறது. இட எண்கள் மட்டும் பழையபடியே நின்றால், கருத்துக்குறி இப்போது ‘கொடை’ என்பதன் ஐகாரக் குறியில் தொடங்கி, இடைவெளியைக் கடந்து, ‘ஊர்ச்சொத’ என்பதோடு அறுந்து நிற்கும். மூன்று சொற்களில் நேர்ந்த பிறழ்வு இது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் ஆயிரம் வரும் நேர்காணலின் இறுதியில், கருத்துக்குறி ஆயிரம் இடம் விலகி வேறொரு வினாவுக்கான விடையின்மேல் அமர்ந்திருக்கும். ஆங்கிலப் பனுவலில் இப்பிழை மிக அரிது. அதனால் ஆங்கிலக் கையேடுகள் இதனைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? சில உள்ளீட்டு முறைகள் அவ்வாறு எழுதுகின்றன. பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுத்த பனுவலிலும் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பனுவலிலும் இரு வடிவங்களும் கலந்து வருவதுண்டு. அத்தகைய பனுவலை ஒரு மென்பொருள் உள்வாங்கும்போது சீராக்கி, மற்றொன்று அவ்வாறே விட்டுவைத்தால், மேற்கண்ட பிறழ்வுக்கு வழி திறந்துவிடும். வரியிறுதியிலும் இதுபோன்றதொரு வேறுபாடு உண்டு: விண்டோஸ் மரபில் வரியிறுதி இரு குறிகளால் ஆனது, மேக், லினக்ஸ் மரபில் ஒன்று. கணக்கிடும் அலகும் ஒன்றன்று. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். வாட்ஸ்அப் உரையாடல்களில் வரும் உணர்ச்சிச் சின்னங்களுள் பெரும்பாலானவை, யுடிஎஃப்-16 அலகில் எண்ணும் நிரலுக்குக் குறைந்தது இரண்டு இடமாகும்.

ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான தரவு இன்னும் சிக்கலானது. பாமினி போன்ற எழுத்துருக்களில் கணினி பதிவது ஆங்கில எழுத்துகளையே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்குத் திட்டம் மாறினால் நேர்காணல் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். எழுத்துருவை நிறுவினால் இது தீர்ந்துவிடும். தீராதது வேறொன்று: கருத்துக்குறி இட்டுமுடித்த பின் பனுவலை ஒருங்குறிக்கு மாற்ற முனைவது. பாமினியில் ‘பு’ ஒரே குறி, ஒருங்குறியில் இரண்டு. ‘புத்தகம்’ பாமினியில் 7 குறி, ஒருங்குறியில் 8. ‘கொ’ பாமினியில் மூன்று, ஒருங்குறியில் இரண்டு. நீளம் சில இடங்களில் கூடியும் சில இடங்களில் குறைந்தும் போவதால், பிறழ்வை ஒரே எண்ணைக் கூட்டியோ கழித்தோ சரிசெய்யவும் இயலாது. எனவே, குறியேற்ற மாற்றமும் சீராக்கமும் கருத்துக்குறி இடத் தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். களப்பணி முடித்து ஆர்வத்துடன் பகுப்பாய்வில் இறங்கும் ஆய்வாளருக்கு இது சலிப்பூட்டும் வேலையே. ஆனால் இதனைப் பின்னர்ச் செய்ய நேர்ந்தால் பகுப்பாய்வையே மீளச் செய்வதாகும்.

கருத்துக்குறிகளின் பெயர்களும் இவ்வகையில் தவறுக்கு இடமாகின்றன. இருவர் தனித்தனிக் கணினியில் ஆராய்ந்து திட்டங்களை ஒன்றிணைக்கும்போது, பெயர் ஒத்த கருத்துக்குறிகளை ஒன்றாக்கும் வசதி மென்பொருள்களில் உண்டு. பெயரைக் குறியிடம் குறியிடமாக ஒப்பிடும் நிரலுக்குச் சேர்ந்த வடிவக் ‘கோயில்’ ஒன்று, பிரிந்த வடிவக் ‘கோயில்’ மற்றொன்று. ஒருவர் ‘கோயில்’ என்றும் மற்றவர் ‘கோவில்’ என்றும் எழுதியிருப்பின் அது நிரலின் குறையும் அன்று. கருத்துக்குறிப் பட்டியலை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளாமையின் குறை.

கோப்புப் பெயர்கள்

வெளிக்கோப்புகளைப் பெயரால் தேடும் மென்பொருள்களில் தமிழ்க் கோப்புப் பெயர் தனியொரு சிக்கலாகிறது. ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரிந்த வடிவத்திற்கு மாற்றியே சேமித்தது. விண்டோஸ் கணினியில் சேர்ந்த வடிவில் இட்ட ‘கொடைவிழா’ என்னும் பெயர் அவ்வட்டுக்குச் சென்று திரும்பினால் வேறு பெயராகிவிடும். கண்ணுக்கு மாற்றம் தெரியாது, திட்டமோ கோப்பைக் காணவில்லை என்னும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் முறைமை பெயரை இட்டவாறே பேணுகிறது; எனினும் பழைய புறவட்டுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

நீளத்திலும் வரம்புண்டு. லினக்ஸில் பரவலாக வழங்கும் இஎக்ஸ்டி4 முறைமை ஒரு பெயருக்கு 255 பைட்டு அளிக்கிறது. தமிழில் அது 85 குறியிடம் மட்டுமே. தகவலாளியின் பெயர், ஊர், நாள், வழக்காற்று வகை அனைத்தையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் பழக்கம் விண்டோஸில் தடையின்றிச் செல்லும். லினக்ஸில் படியெடுக்க மறுக்கப்படும். விரலி எஃப்ஏடி32 முறையில் அமைந்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட காட்சிப்பதிவு அதில் ஏறாது. கோப்புகளுக்கு ‘001’, ‘002’ என எண்பெயர் இட்டு, விவரங்களைத் தனி அட்டவணையில் வைத்துக்கொள்வது எளிய தீர்வு. தகவலாளியின் அடையாளத்தை மறைப்பதற்கும் அது உதவும்.

பொதுப் பரிமாற்ற வடிவம்

ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் திட்டத்தை மாற்றும் தேவையை முன்னிட்டு, 2016இல் ரோட்டர்டாமில் மென்பொருள் உருவாக்குநர்களும் ஆய்வாளர்களும் தொடங்கிய முயற்சி ரெஃபி-கியூடிஏ என்னும் தரமாக மலர்ந்தது. கருத்துக்குறிப் பட்டியலுக்கான வடிவம் 2018இலும் முழுத் திட்டத்திற்கான கியூடிபிஎக்ஸ் வடிவம் 2019இலும் வெளிவந்தன. கியூடிபிஎக்ஸ் என்பது சுருக்கப்பட்ட ஒரு பொதிவு. அதனுள் திட்ட விவரங்களைக் கூறும் எக்ஸ்எம்எல் கோப்பும் மூல ஆவணங்களும் இருக்கும். பனுவலின் இடங்களை ஒருங்குறிக் குறியிடங்களாக எண்ணவேண்டும் என்று இத்தரம் வரையறுத்திருப்பது தமிழுக்கு நலம் பயப்பது. பைட்டா, குறியிடமா என்னும் ஐயம் நீங்குகிறது. சேர்ந்த வடிவமா பிரிந்த வடிவமா என்பது பனுவலைத் தருபவரின் பொறுப்பாகவே எஞ்சுகிறது.

இவ்வடிவம் ஆவணங்கள், கருத்துக்குறிகள், குறியிட்ட பகுதிகள், குறிப்புரைகள் ஆகியவற்றைச் சுமந்துசெல்லும். சேமித்துவைத்த வினவல்களும் அந்தந்த மென்பொருளுக்கே உரிய பகுப்பாய்வுக் கருவிகளின் பயன்களும் அதில் இடம்பெறுவதில்லை. எனவே இது மூல மென்பொருளின் காப்பு நகலுக்கு மாற்றாகாது. அதனோடு சேர்த்து வைக்கத்தக்க துணை நகல்.

மாற்றத்தைச் சரிபார்த்தல்

படியெடுத்த கோப்பு மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்பதை எஸ்எச்ஏ-256 போன்ற சரிபார்ப்புத் தொகையால் அறியலாம். ஒரு பிட் மாறினாலும் தொகை வேறாகிவிடும். இதனைக் கணக்கிடும் கட்டளை விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் உள்ளது. ஆனால் இத்தொகை கோப்பின் முழுமைக்கு மட்டுமே சான்று. மற்றொரு மென்பொருளோ பதிப்போ அதனைத் திறந்து மாற்றிய பின் கருத்துக்குறிகள் உரிய இடத்தில் உள்ளனவா என்பதற்கு அது சான்றாகாது.

அதற்கு வேறு சோதனை தேவை. மாற்றத்திற்கு முன் பழைய கணினியில் ஆவணங்களின் எண்ணிக்கை, கருத்துக்குறிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு கருத்துக்குறியிலும் அடங்கும் பகுதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறியிட்ட பகுதிகள் அனைத்தையும் சொற்களோடு அட்டவணையாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். மாற்றியபின் புதிய கணினியிலும் அவ்வாறே ஏற்றுமதி செய்து இரு அட்டவணைகளையும் ஒப்பிடலாம். எண்ணிக்கை ஒத்திருப்பது போதாது. பிறழ்ந்த கருத்துக்குறியும் எண்ணிக்கையில் ஒன்றாகவே நிற்கும். கையால் சோதிப்பவர் ஆவணத்தின் தொடக்கத்தைப் பார்த்து நிறைவடையக் கூடாது. பிறழ்வு வரவரக் கூடுவதாதலால், மிக நீண்ட நேர்காணலின் கடைசிக் கருத்துக்குறியை முதலில் பார்ப்பதே சரி. இச்சோதனை முடியும்வரை பழைய கணினியின் வட்டை அழிக்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது.

நகல்கள் பெருகுவதன் மறுபக்கத்தையும் கருதவேண்டும். தகவலாளி ஒருவர் தம் கூற்றைத் திரும்பப் பெற விரும்பினால், அதனை எல்லா நகல்களிலிருந்தும் நீக்குவது ஆய்வாளரின் கடமை. எந்த நகல் எங்கே உள்ளது என்னும் பட்டியல் இல்லாதவர் அவ்வாக்குறுதியைக் காக்க இயலாது. விரலியிலும் புறவட்டிலும் செல்லும் நகல்களை மறைகுறியாக்கம் செய்வது இன்றியமையாதது. அவற்றின் கடவுச்சொல்லை நெறியாளரோ துறையோ அறிந்திருக்க ஏற்பாடு இல்லையெனில், காப்பு நகலே பூட்டிய பெட்டியாகிவிடும்.

மென்பொருள் மறைந்தபின்

ஆர்கியூடிஏ என்னும் கட்டணமற்ற மென்பொருளின் வரலாறு இங்கு எண்ணத்தக்கது. ஆர் நிரல்மொழியின் மேல் இயங்கிய அது, தான் சார்ந்திருந்த வரைகலைத் தொகுதியின் பராமரிப்பு நின்றமையால், ஆர் மொழியின் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீங்கிவிட்டது. புதிய கணினி வாங்கிய பயனாளர் அதனை எளிதில் நிறுவ இயலாத நிலை எழுந்தது. ஆயினும் அத்திட்டங்கள் அழியவில்லை. அவை எஸ்கியூலைட் தரவுத்தளங்களாக இருந்தமையால் எஸ்கியூலைட்டைப் படிக்கும் எந்தக் கருவியாலும் திறக்க முடிந்தது. குவால்கோடரும் அவற்றை உள்வாங்கும் வசதி அளித்தது.

அத்தரவுத்தளத்தின் அமைப்பில் மற்றொரு கூறும் உண்டு. குறியிட்ட பகுதி ஒவ்வொன்றுக்கும் தொடக்க இடம், முடிவிடம் ஆகியவற்றோடு, தெரிவுசெய்த சொற்களும் தனிப் பத்தியில் எழுதப்பட்டுள்ளன. குவால்கோடரும் இம்முறையையே பின்பற்றுகிறது. இடங்கள் பிறழ்ந்தால், அவை சுட்டும் பனுவலை இச்சொற்களோடு ஒப்பிட்டுப் பிறழ்வைக் கண்டறியவும், சொற்களைப் பனுவலில் தேடி உரிய இடத்தை மீட்கவும் இயலும். அட்டையில் தலைப்போடு கூற்றையும் எழுதிவைத்த பழைய முறையின் தொடர்ச்சியாக இதனைக் கருதலாம். இவ்வசதியற்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர், மேலே கூறிய ஏற்றுமதி அட்டவணையை ஒவ்வொரு காப்பு நகலோடும் எளிய உரைக்கோப்பாகச் சேர்த்துவைப்பின் அதே பயனைப் பெறுவர்.